திறந்த கதவும் தாங்கிய கரமும்: நியூயார்க் சமுதாயக் கல்லூரிகளில் மாணவர் துணைப்பணிகளின் வரலாறு

ஒரு கல்லூரியின் வரலாற்றை எழுதப் புகுவோர் அதன் நிறுவனர்களையும் கட்டடங்களையும் புகழ்பெற்ற பேராசிரியர்களையும் பற்றியே பெரும்பாலும் எழுதுவர். வகுப்பறைக்கு வெளியே, ஒரு சிறிய அறையில், மேசையின் ஒருபுறம் ஆலோசகரும் மறுபுறம் படிப்பைத் தொடர்வதா விடுவதா என்று தடுமாறும் மாணவரும் அமர்ந்திருக்கும் காட்சி அவ்வரலாறுகளில் இடம்பெறுவதில்லை. ஆயினும் ஏழை மாணவர் பலரின் வாழ்வு அந்த அறையில்தான் தீர்மானிக்கப்பட்டிருக்கிறது. அமெரிக்காவின் சமுதாயக் கல்லூரிகள், குறிப்பாக நியூயார்க் நகரின் சமுதாயக் கல்லூரிகள், இவ்வுண்மையை ஏறக்குறைய அரை நூற்றாண்டுக் காலப் போராட்டத்தின் வழியே கற்றுக்கொண்டன. அந்தக் கற்றலின் வரலாற்றைச் சுருக்கமாக எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

'சமுதாயக் கல்லூரி' என்னும் பெயர் தமிழகத்திற்கு 1990களிலேயே அறிமுகமாகிவிட்டது. அமெரிக்க மூலத்தில் அது குறிப்பது, பள்ளியிறுதிக்குப் பின் இரண்டாண்டுப் படிப்பை வழங்கும் பொதுக் கல்லூரியை. அங்குப் படிப்பவர் இரண்டாண்டுப் பட்டத்தோடு வேலைக்குச் செல்லலாம். அல்லது நான்காண்டுக் கல்லூரியின் மூன்றாம் ஆண்டில் சேர்ந்து இளங்கலைப் பட்டத்தை நிறைவு செய்யலாம். கட்டணம் குறைவு, நுழைவுக்கான தடைகளும் குறைவு. ஆகவே பிற கல்லூரிகளின் வாயில்கள் யாருக்கு அடைபட்டிருந்தனவோ அவர்களே இங்கு மிகுதியாக வந்தனர்.

தோற்றமும் விரிவும்

இன்றளவும் இயங்கிவரும் அமெரிக்கப் பொது இரண்டாண்டுக் கல்லூரிகளுள் மூத்தது இல்லினாய் மாநிலத்தின் ஜோலியட் நகரில் 1901ஆம் ஆண்டு தொடங்கியது. சிகாகோ பல்கலைக்கழகத் தலைவர் வில்லியம் ரெய்னி ஹார்ப்பரும் ஜோலியட் உயர்நிலைப் பள்ளித் தலைவர் ஜே. ஸ்டான்லி பிரவுனும் அதற்கு வித்திட்டனர். முதல் வகுப்பில் இருந்தவர் ஆறு மாணவர் மட்டுமே. 'ஜூனியர் கல்லூரி' என வழங்கப்பட்ட இவ்வகை நிறுவனங்கள் அடுத்த நாற்பதாண்டுகளில் மெல்ல மெல்லப் பெருகின.

இரண்டாம் உலகப் போரின் இறுதிக் கட்டத்தில் நிலைமை மாறியது. 1944ஆம் ஆண்டு நிறைவேறிய படைவீரர் மறுவாழ்வுச் சட்டம், போர் முடிந்து திரும்பிய வீரர்களுக்குக் கல்லூரிக் கட்டணத்தோடு நூல்களுக்கான செலவையும் மாதந்தோறும் வாழ்க்கைப் படியையும் வழங்கியது. ஏறத்தாழ 22 இலட்சம் பேர் அதன் துணையால் உயர்கல்வி பெற்றனர். இவ்வளவு பேர் வந்தால் கல்வியின் தரம் குலையும் என்று அஞ்சிய கல்வியாளர் சிலர், பின்னர் அவ்வீரர்கள் நன்கு படித்துத் தேறியதைக் கண்டு தம் கருத்தை மாற்றிக்கொள்ள நேர்ந்தது. வயிற்றுப்பாட்டுக் கவலை நீங்கினால் உழைக்கும் வர்க்கத்து இளைஞரும் படித்து முடிப்பர் என்பதற்கு நாடு தழுவிய அளவில் கிடைத்த முதற்பெருஞ் சான்று இதுவெனலாம். எனினும் அச்சான்றின் முழுப் பொருளை உணர்ந்துகொள்ள அமெரிக்கக் கல்வி உலகிற்கு நெடுங்காலம் ஆயிற்று.

அதிபர் ட்ரூமன் 1946இல் அமைத்த உயர்கல்விக் குழு, ஜார்ஜ் ஜூக் தலைமையில் ஆராய்ந்து 1947இல் தன் அறிக்கையை வெளியிடத் தொடங்கியது. மக்கள்தொகையில் குறைந்தது 49 விழுக்காட்டினர் பள்ளிக்குப் பின் மேலும் ஈராண்டுக் கல்வியை முடிக்கும் ஆற்றல் பெற்றவர்கள் என்று அக்குழு மதிப்பிட்டது. அக்கல்வி கட்டணமின்றி, அவரவர் வாழுமிடத்திற்கு அருகிலேயே கிடைக்கவேண்டும் எனவும் பரிந்துரைத்தது. 'சமுதாயக் கல்லூரி' என்னும் பெயர் பரவலாக வழக்கூன்றியதும் அவ்வறிக்கைக்குப் பின்னரே. 1960களில் மட்டும் நாடெங்கும் 400க்கும் மேற்பட்ட சமுதாயக் கல்லூரிகள் புதிதாய்த் தோன்றின.

ஆலோசகரின் இரு முகங்கள்

கதவு அகலத் திறந்தது. ஆனால் உள்ளே வந்தவர் அனைவரும் பட்டத்தோடு வெளியேறவில்லை. இதனை நுணுகி நோக்கியவர் சமூகவியலாளர் பர்ட்டன் கிளார்க். கலிபோர்னியாவின் சான் ஹோசே நகரில் இயங்கிய ஓர் இரண்டாண்டுக் கல்லூரியை ஆராய்ந்து 1960இல் அவர் வெளியிட்ட கருத்து இன்றும் விவாதிக்கப்படுகிறது.

நான்காண்டுப் பட்டம் பெறும் விருப்போடு வருவோர் பலர். அதனை எட்டுவோர் சிலர். இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட ஏமாற்றத்தைக் கல்லூரி எவ்வாறு கையாளுகிறது என்பதே கிளார்க்கின் கேள்வி. நுழைவின்போது தேர்வு, ஆலோசகருடன் நேர்காணல், அறிமுகப் பாடம், முன்னேற்றம் போதாது என்னும் அறிவிப்புக் கடிதங்கள், பின்னர் நன்னடைக் காலம் என்று ஒவ்வொரு படியாக, மாணவர் தம் இலக்கைத் தாமே தாழ்த்திக்கொள்ளும்படி கல்லூரி அவரைப் பக்குவப்படுத்துகிறது என்று அவர் காட்டினார். இதற்கு அவர் ஆண்ட சொல், 'ஆற வைத்தல்' என்னும் பொருளுடையது. சூதாட்டத்தில் ஏமாந்தவன் கூச்சலிடாமல் வீடு திரும்புமாறு அவனுக்கு ஆறுதல் கூறி அனுப்பிவைக்கும் தந்திரத்தைக் குறிக்கும் சொல் அது. எர்விங் காஃப்மன் என்னும் அறிஞர் 1952இல் சமூகவியலுக்குள் கொணர்ந்ததை கிளார்க் கடன் வாங்கினார்.

இங்கு நாம் கருதவேண்டியது ஒன்று உண்டு. கிளார்க் விவரித்த கருவிகள் யாவும் இன்று 'மாணவர் துணைப்பணி' என நாம் போற்றும் கருவிகளே. ஆலோசனை, அறிமுக வகுப்பு, முன்னெச்சரிக்கை ஆகியவற்றைக் கொண்டு ஒரு மாணவரைத் தாங்கிப் பிடிக்கவும் முடியும்; மெதுவாக வாயிலுக்கு வெளியே கொண்டுபோய் விடவும் முடியும். கருவி ஒன்றே, அதன் நோக்கமே வேறுபடுகிறது. அந்த நோக்கம் எவ்வாறு மாறியது என்பதை நியூயார்க் நகரின் வரலாறு தெளிவுறக் காட்டுகிறது.

நியூயார்க்கில் ஒரு புதிய முயற்சி

நியூயார்க் நகர மக்கள் 1847இல் வாக்களித்து நிறுவிய இலவசக் கழகமே பின்னாளில் சிட்டி கல்லூரியாக வளர்ந்தது. கட்டணம் வாங்காத அக்கல்லூரி குடியேறிகளின் பிள்ளைகள் பலரை அறிவுலகிற்கு ஏற்றிவிட்ட ஏணி. நகரின் பொதுக் கல்லூரிகள் 1961இல் நியூயார்க் நகரப் பல்கலைக்கழகம் என்னும் ஒரே அமைப்பாக ஒன்றிணைந்தன. பிராங்ஸ், குயின்ஸ்பரோ, கிங்ஸ்பரோ, மன்ஹாட்டன் பரோ முதலிய சமுதாயக் கல்லூரிகளும் இவ்வமைப்பின் உறுப்புகளாயின.

கட்டணம் இல்லையெனினும் மதிப்பெண் என்னும் மதில் உயர்ந்தே நின்றது. நகரின் பள்ளிகளில் கறுப்பின மாணவரும் புவெர்த்தோ ரிக்கோ வம்சாவளியினரும் பெருகியபோதும் கல்லூரிகளில் அவர்கள் மிகச் சிலரே. இக்குறையை நீக்க 1964இல் சமுதாயக் கல்லூரிகளில் 'காலேஜ் டிஸ்கவரி' என்னும் திட்டம் தொடங்கப்பட்டது. மதிப்பெண் குறைந்தும் ஆற்றல் வாய்ந்தவர் எனக் கருதப்பட்டோரைச் சேர்த்து, அவர்களுக்கு ஆலோசகரையும் தனிப்பயிற்சியையும் உதவித்தொகையையும் ஒருசேர வழங்கிய திட்டம் அது. நான்காண்டுக் கல்லூரிகளுக்கென 'சீக்' என்னும் ஒத்த திட்டம் 1966இல் மாநிலச் சட்டமன்றத்தின் ஆதரவோடு நிலைபெற்றது. கவிஞர்கள் ஆட்ரி லார்ட், ஜூன் ஜோர்டன், ஏட்ரியன் ரிச் ஆகியோர் இத்திட்டத்தின்கீழ் சிட்டி கல்லூரியில் எழுத்துக் கலை கற்பித்தனர் என்பது பலரும் அறியாத செய்தி.

அதே காலத்தில் கூட்டரசும் இத்துறையில் அடியெடுத்து வைத்தது. வறுமை ஒழிப்புத் திட்டத்தின் பகுதியாக 1964இல் ஒன்றும், உயர்கல்விச் சட்டத்தின்கீழ் 1965இல் ஒன்றும், 1968இல் மாணவர் துணைப்பணிக்கெனவே ஒன்றுமாக மூன்று திட்டங்கள் உருவாயின. மூன்று என்பதால் அவற்றுக்கு 'ட்ரையோ' என்னும் பெயர் அமைந்தது. பின்னர் எண்ணிக்கை கூடியபோதும் பெயர் மாறவில்லை. கலிபோர்னியாவும் 1969இல் தன் சமுதாயக் கல்லூரிகளுக்கென ஒரு துணைப்பணித் திட்டத்தைச் சட்டத்தின் வழியே ஏற்படுத்தியது. ஏழை மாணவருக்கு இடம் தந்தால் மட்டும் போதாது, அவ்விடத்தில் நிலைத்திருக்கத் துணையும் தரவேண்டும் என்னும் கருத்து அந்த ஆண்டுகளில் முதன்முதலாகச் சட்ட வடிவம் பெற்றது.

மாணவர் எழுப்பிய குரல்

1969ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில் சிட்டி கல்லூரியின் தெற்கு வளாகத்தைக் கறுப்பின மாணவரும் புவெர்த்தோ ரிக்கோ மாணவரும் கைப்பற்றி ஏறத்தாழ இரு வாரங்கள் தம் வசம் வைத்திருந்தனர். அவர்கள் முன்வைத்த கோரிக்கைகள் ஐந்து. நகரப் பள்ளிகளின் இன விகிதம் கல்லூரிச் சேர்க்கையிலும் எதிரொலிக்கவேண்டும் என்பது அவற்றுள் பெரிதும் பேசப்பட்டது. வரலாற்று நூல்கள் கடந்துசெல்லும் வேறிரு கோரிக்கைகள் நம் பொருளுக்கு இன்றியமையாதவை: புதிதாகச் சேர்வோருக்கு அவர்தம் நிலைக்கேற்ற தனி அறிமுக நிகழ்வு வேண்டும், சீக் திட்டத்தின் நிர்வாகத்தில், அதன் பணியாளரைத் தேர்வதில், மாணவருக்கும் குரல் வேண்டும். உள்ளே வருவதற்கான உரிமையைக் கேட்ட அதே மூச்சில், வந்தபின் தாங்கிக்கொள்ளும் ஏற்பாட்டையும் அம்மாணவர் கேட்டனர். தடுமாறியவர்களுக்கே தடுக்கும் கல் எது என்பது தெரிந்திருந்தது.

இப்போராட்டத்தின் விளைவாக, 1975இல் தொடங்க எண்ணியிருந்த திறந்த சேர்க்கைக் கொள்கை 1970ஆம் ஆண்டு இலையுதிர் பருவத்திலேயே நடைமுறைக்கு வந்தது. நகரின் உயர்நிலைப் பள்ளியில் தேறிய ஒவ்வொருவருக்கும் பல்கலைக்கழகத்தில் ஓரிடம் உறுதி செய்யப்பட்டது. சராசரி 80 மதிப்பெண் பெற்றோர் அல்லது தம் வகுப்பின் மேற்பாதியில் நின்றோர் நான்காண்டுக் கல்லூரிக்குச் செல்லலாம். மற்றவர்க்குச் சமுதாயக் கல்லூரிகள். அவ்வாண்டு ஏறத்தாழ 35,000 புதிய மாணவர் சேர்ந்தனர்.

இப்பெருக்கைத் தாங்கப் புதிய கல்லூரிகள் எழுந்தன. தெற்கு பிராங்ஸ் பகுதியில் ஒரு பழைய டயர் தொழிற்சாலையில் 1970இல் வகுப்புகளைத் தொடங்கிய ஹோஸ்டோஸ் சமுதாயக் கல்லூரி, புவெர்த்தோ ரிக்கோவின் கல்விச் சிந்தனையாளர் யூஜெனியோ மரியா டி ஹோஸ்டோஸின் பெயரைத் தாங்கியது. ஆங்கிலம் கற்றுத் தேறும் வரை மாணவரைக் காத்திருக்கச் செய்யாமல், ஆங்கிலத்தைக் கற்றவாறே பிற பாடங்களை ஸ்பானிய மொழியில் தொடர அக்கல்லூரி வழி செய்தது. அங்கு இருமொழிக் கல்வியே ஒரு துணைப்பணியாயிற்று. குயின்ஸ் பகுதியில் மற்றொரு தொழிற்சாலைக் கட்டடத்தில் 1971இல் தொடங்கிய லாகார்டியா சமுதாயக் கல்லூரி, முழுநேர மாணவர் அனைவரும் படிப்பின் ஒரு பகுதியாக வெளி நிறுவனங்களில் பணியாற்றிப் பழகவேண்டும் என விதித்தது. பள்ளிப் படிப்பை இடையில் விட்டுவிடக்கூடிய நிலையில் இருந்த சிறுவர் சிறுமியருக்காக 1974இல் தன் வளாகத்திலேயே ஓர் உயர்நிலைப் பள்ளியையும் நிறுவியது. கல்லூரிச் சூழலைக் கண்ணால் கண்டு வளரும் பிள்ளை கல்லூரியை அந்நியமாகக் கருதாது என்பது அதன் பின்னணியில் இருந்த எண்ணம்.

வகுப்பறைக்குள்ளும் பார்வை மாறிற்று. சிட்டி கல்லூரியில் எழுத்துப் பயிற்சியை வழிநடத்திய மினா ஷாக்னசி, புதிய மாணவர் எழுதிய ஏறத்தாழ 4,000 நுழைவுத் தேர்வுக் கட்டுரைகளை ஆராய்ந்து 1977இல் ஒரு நூலை வெளியிட்டார். பிழைகள் மந்த அறிவின் அடையாளமல்ல. எழுத்து மொழியில் புதிதாய் நுழைபவர் தமக்குத் தெரிந்த விதிகளைக் கொண்டு முயல்வதன் தடங்கள் அவை. எனவே அவற்றுக்கு ஓர் ஒழுங்கு உண்டு என்று அவர் நிறுவினார். பிழையைக் கண்டு மாணவரை அளந்த ஆசிரியர், பிழையைக் கொண்டு தம் பாடத்தை அமைக்கவேண்டியவரானார்.

1976: கதவு பாதி மூடியது

நியூயார்க் நகராட்சி 1975இல் திவாலாகும் விளிம்பிற்கு வந்தது. ஆலோசகர்களும் இளம் ஆசிரியர்களும் பணிநீக்கம் பெற்றனர். 1976 மே இறுதியில் ஊதியம் வழங்கப் பணமின்றிப் பல்கலைக்கழகமே ஏறத்தாழ இரு வாரங்கள் மூடப்பட்டது. அவ்வாண்டு இலையுதிர் பருவத்தில், 129 ஆண்டுகளாய்க் கட்டணம் பெறாதிருந்த மரபு முடிவுற்றது. மாணவர் எண்ணிக்கை அடுத்த ஆண்டுகளில் பல்லாயிரக்கணக்கில் சரிந்தது.

சிக்கனத்தின் பெயரால் ஹோஸ்டோஸ் கல்லூரியைப் பிராங்ஸ் சமுதாயக் கல்லூரியோடு இணைத்துவிட முடிவு செய்யப்பட்டது. மாணவரும் ஆசிரியரும் சுற்றுப்புற மக்களும் ஒன்றுதிரண்டனர். 1976 இளவேனிற் பருவத்தில் கல்லூரிக் கட்டடம் ஒன்றைக் கைப்பற்றி, வகுப்புகளையும் நிறுத்தாமல் போராடினர். இறுதியில் மாநிலச் சட்டமன்றம் அவ்வாண்டு இயற்றிய சட்டத்தின் வழியே கல்லூரி தன் தனித்தன்மையோடு காப்பாற்றப்பட்டது. தீயும் வறுமையும் சூழ்ந்திருந்த ஒரு பகுதியின் மக்கள், தம் தெருவில் இருந்த கல்லூரியைத் தம் உடைமையாகக் கருதிக் காத்த நிகழ்ச்சி இது. சமுதாயக் கல்லூரி என்னும் பெயருக்கு இதனினும் சிறந்த பொருள் விளக்கம் கிடைப்பது அரிது.

முப்பது ஆண்டுகளுக்குப் பின் ஒரு கணக்கு

திறந்த சேர்க்கை தோற்றுவிட்டது என்று பலர் எழுதினர். குறைந்த மதிப்பெண்ணோடு வந்தவர்களுள் பெருந்தொகையினர் நான்கைந்து ஆண்டுகளில் பட்டம் பெறவில்லை என்பதே அவர்தம் வாதத்தின் அடிப்படை. அந்த எண்ணிக்கை பொய்யன்று. நிரம்பி வழிந்த வகுப்புகளும் போதாத ஆலோசகர்களும், பின்னர் நிதி வெட்டும், அவ்வாறுதான் விளைந்தன. 1990களின் இறுதியில் நான்காண்டுக் கல்லூரிகள் அடிப்படைப் பயிற்சி வகுப்புகளைக் கைவிட முடிவெடுத்தபோது, அம்மாணவரின் பொறுப்பு முன்னினும் மிகுதியாகச் சமுதாயக் கல்லூரிகளின் தோள்மேல் விழுந்தது.

எனினும் டேவிட் லேவின், பால் அட்வெல் என்னும் இரு சமூகவியலாளர் வேறொரு முறையில் கணக்கிட்டனர். 1970 முதல் 1972 வரை சேர்ந்த பெண்களை ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் கழித்துத் தேடிச்சென்று நேர்கண்டு, தம் முடிவுகளை 2007இல் நூலாக்கினர். அப்பெண்களுள் பத்தில் ஏழு பேர் எப்போதோ ஒருநாள் ஏதேனும் ஒரு பட்டத்தைப் பெற்றிருந்தனர். குழந்தை பிறந்ததாலும் வேலை கிடைத்ததாலும் படிப்பை நிறுத்தியவர்கள் பல்லாண்டுகள் கழித்துத் திரும்பிவந்து முடித்திருந்தனர். அதனினும் முக்கியமானது, கல்லூரி கண்ட தாய்மாரின் பிள்ளைகள் கல்வியில் மேம்பட்டு நின்றமை. ஒரு தலைமுறைக்குச் செய்த முதலீட்டின் பலனை அத்தலைமுறையின் ஐந்தாண்டுத் தேர்ச்சி விழுக்காட்டைக் கொண்டு மட்டும் அளப்பது, நட்ட ஆண்டிலேயே தென்னையை எடைபோடுவது போன்றதாகும்.

அதே வேளையில் ஒரு வினா எஞ்சியது. இப்பெண்கள் இருபதாண்டுகளில் அடைந்ததை உரிய காலத்திலேயே அடையும்படி கல்லூரி உதவியிருக்க இயலாதா?

அளந்தறியப்பட்ட துணை

அவ்வினாவிற்கான விடை அந்நூல் வெளிவந்த அதே 2007ஆம் ஆண்டில், அதே பல்கலைக்கழகத்தின் சமுதாயக் கல்லூரிகளில் தொடங்கியது. நகராட்சியின் வறுமை ஒழிப்பு நிதியைக் கொண்டு, இரண்டாண்டுப் பட்டத்தை மூன்றாண்டுகளுக்குள் முடிக்கச் செய்யும் ஒரு திட்டம் வகுக்கப்பட்டது. ஆங்கிலச் சுருக்கத்தில் 'ஏ.எஸ்.ஏ.பி.' என வழங்கும் அப்பெயர், 'இயன்ற அளவு விரைவாக' என்னும் பொருளையும் குறிப்பால் உணர்த்துவது.

அதன் கூறுகளைத் தனித்தனியே நோக்கினால் புதுமை ஏதும் இல்லை. மாணவர் முழுநேரமாகப் படிக்கவேண்டும். அடிப்படைப் பயிற்சி வகுப்புகளைத் தள்ளிப்போடாமல் தொடக்கத்திலேயே முடிக்கவேண்டும். ஆலோசகரைத் தவறாது சந்திக்கவேண்டும். தேவைப்படும் பாடங்களில் தனிப்பயிற்சி பெறவேண்டும். கைம்மாறாகக் கல்லூரி, உதவித்தொகை போக எஞ்சும் கட்டணத்தைத் தள்ளுபடி செய்தது. பாடநூல்களை இலவசமாக வழங்கியது. மாதந்தோறும் சுரங்க ரயிலுக்கும் பேருந்துக்குமான பயண அட்டையைக் கொடுத்தது. அவ்வட்டை திட்டத்தில் ஒழுங்காகப் பங்குபெறுவோர்க்கே கிடைத்தது. ஆகவே அது பயணச் செலவை ஈடு செய்ததோடு, மாணவரை ஆலோசகரின் வாயிலுக்கும் தவறாமல் அழைத்துவந்தது.

எல்லாவற்றினும் தலையாய மாற்றம் ஆலோசகரின் சுமையில் நிகழ்ந்தது. வழக்கமான ஏற்பாட்டில் ஓர் ஆலோசகருக்கு 600 முதல் 1,500 மாணவர் வரை இருந்தனர். இத்திட்டத்தில் 60 முதல் 80 வரை மட்டுமே. ஆயிரம் பேரைக் கவனிக்கும் ஆலோசகர் படிவங்களில் கையொப்பமிடலாம். மாணவரின் பெயரை நினைவில் கொள்ள இயலாது. எழுபது பேரைக் கவனிப்பவர், இவ்வாரம் வராதவர் யார் என்பதை அறிவார். ஏன் வரவில்லை என்று கேட்டும் அறிவார். கிளார்க் விவரித்த ஆலோசகருக்கும் இவருக்கும் உள்ள வேறுபாடு, மனநல்லெண்ணத்தைக் காட்டிலும் இந்த எண்ணிக்கையில்தான் மிகுதியும் தங்கியிருந்தது.

நல்லெண்ணத்தால் விளைந்த திட்டங்கள் பல. அளந்து பார்க்கப்பட்டவை சில. எம்.டி.ஆர்.சி. என்னும் சமூக ஆய்வு நிறுவனம் மன்ஹாட்டன் பரோ, கிங்ஸ்பரோ, லாகார்டியா ஆகிய மூன்று சமுதாயக் கல்லூரிகளில் இத்திட்டத்தை மருந்தாய்வுக்கு ஒப்பான முறையில் சோதித்தது. வருவாய் குறைந்தவரும், அடிப்படைப் பயிற்சி வகுப்பு தேவைப்பட்டவருமான 896 மாணவர் குலுக்கல் முறையில் இரு குழுக்களாகப் பிரிக்கப்பட்டனர். ஒரு குழு திட்டத்தில் சேர்ந்தது. மற்றது கல்லூரியின் வழக்கமான பணிகளைப் பெற்றது. 2015இல் வெளியான முடிவின்படி, மூன்றாண்டுகளில் திட்டக் குழுவினருள் 40 விழுக்காட்டினர் பட்டம் பெற்றனர். மற்றக் குழுவில் 22 விழுக்காட்டினர். ஆறாண்டு முடிவில் இது 51க்கு 41 என நின்றது. இரு குழுவினரும் ஒரே மதிப்பெண்ணும் ஒரே வறுமையும் கொண்டவர்கள். வேறுபட்டது கல்லூரி நடந்துகொண்ட முறை மட்டுமே. படிப்பை விட்டவரின் குறை அவருடையதே என்னும் நெடுநாள் எண்ணத்தை இவ்வெண்கள் அசைத்தன.

செலவைப் பற்றியும் கூறவேண்டும். ஒரு மாணவருக்கு வழக்கத்தைக் காட்டிலும் 60 விழுக்காட்டுக்கு மேல் கூடுதலாகச் செலவாயிற்று. ஆனால் பட்டம் பெற்றவர் தொகை ஏறக்குறைய இரட்டித்தமையால், ஒரு பட்டத்திற்கு ஆகும் செலவு வழக்கத்தினும் குறைந்தது. பாதி வழியில் கைவிடப்பட்ட கல்வியே மிகுந்த விலையுடையது என்பதை இக்கணக்கு உணர்த்துகிறது. ஒஹாயோ மாநிலத்தின் மூன்று சமுதாயக் கல்லூரிகள் இத்திட்டத்தைத் தம் சூழலுக்கேற்ப மேற்கொண்டபோதும், மூன்றாண்டு முடிவில் 35 விழுக்காடும் 19 விழுக்காடுமாக வேறுபாடு காணப்பட்டது. நியூயார்க்கின் சுரங்க ரயில் இல்லாத ஊர்களிலும் இம்முறை பயன் தந்தது என்பது கருதத்தக்கது.

எனினும் மிகைப்படுத்துதல் கூடாது. திட்டத்தில் இருந்தும் மூன்றாண்டுகளில் முடிக்காதவர் பத்தில் ஆறு பேர். முழுநேரம் படிக்கவேண்டும் என்னும் நிபந்தனை, பகலெல்லாம் உழைத்து மாலையில் வரும் தந்தைக்கும் கைக்குழந்தையோடு வரும் தாய்க்கும் எளிதன்று. ஷாக்னசியின் மாணவரையும் ஹோஸ்டோஸின் தாய்மாரையும் ஒத்த பலருக்கு இன்னும் பொருத்தமான வழி தேடப்படவேண்டியதே.

நாம் கொள்ளத்தக்கது

இந்தியாவில் புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தின் ஆதரவில் 1995இல் முதல் சமுதாயக் கல்லூரி தோன்றியது. அடுத்த ஆண்டுகளில் சென்னையிலும் பிற ஊர்களிலும் தன்னார்வ அமைப்புகள் இத்தகைய கல்லூரிகளை நடத்தின. படிப்பை இடையில் விட்டோருக்கும் ஏழைப் பெண்களுக்கும் தொழிற்கல்வியோடு வாழ்க்கைத் திறன்களையும் அவை கற்பித்தன. பன்னிரண்டாம் ஐந்தாண்டுத் திட்ட காலத்தில் பல்கலைக்கழக மானியக் குழுவும் இவற்றுக்கென ஒரு திட்டத்தை வகுத்தது. பெயரும் வடிவும் கடல் கடந்து வந்தன. அவ்வடிவைப் பயன்தரச் செய்த அனுபவமும் உடன்வரவேண்டும் என்பதே நம் விருப்பம்.

அவ்வனுபவத்தை இவ்வாறு தொகுக்கலாம். மாணவர் துணைப்பணி என்பது கல்விக்குப் புறம்பான தருமம் அன்று. அது கற்பித்தலின் மறுபாதி. அதன் தரத்தைச் சுற்றறிக்கைகளில் உள்ள சொற்களைக் கொண்டு அளக்கலாகாது. ஓர் ஆலோசகருக்கு எத்தனை மாணவர் என்னும் எண்ணைக் கொண்டும், வந்தவருள் முடித்தவர் எத்தனை பேர் என்னும் எண்ணைக் கொண்டுமே அளக்கவேண்டும். தேவை எதுவென மாணவரைக் கேட்டறிந்த காலங்களில் அப்பணி வளர்ந்தது. நிதி நெருக்கடியில் முதலில் வெட்டப்பட்டதும் அப்பணியே.

நம் ஊர்க் கல்லூரிகளிலும் சேர்க்கைப் பட்டியல் ஆண்டுதோறும் பெருமையோடு வெளியிடப்படுகிறது. சேர்ந்து, ஒரு பருவம் வந்து, பின் வராமற்போனவர் பட்டியலை வெளியிடுவோர் இல்லை. அப்பட்டியலை எடுத்துவைத்துக்கொண்டு, அதிலுள்ள ஒவ்வொரு பெயருக்கும் எதிரே 'ஏன்?' என்று எழுதிப் பார்க்கும் நாளில், நம் கல்லூரிகளும் தம் உண்மையான வரலாற்றை எழுதத் தொடங்கியிருக்கும்.